லேபிள் போன ஜாடிகள்

ஓர் ஐப்பசி மழையில் எங்கள் விலங்கியல் ஆய்வகத்தின் தெற்குச் சுவர் ஒழுகியது. ஒழுகியது என்று தெரியவே பதினோரு நாள் ஆனது; தீபாவளி விடுமுறை, அதன் வாலைப் பிடித்து மழை விடுமுறை. கதவைத் திறந்தபோது மியூசியம் அலமாரியில் 112 ஜாடிகளும் பத்திரமாக இருந்தன. லேபிள்தான் இல்லை. பாதியை ஈரம் உரித்துக் கீழே போட்டிருந்தது. மீதியை அதற்கு முன்பே வெள்ளிமீன் மேய்ந்திருந்தது. எங்கள் பக்கம் அதை ராமபாணம் என்பார்கள். பசை தடவிய காகிதம் என்றால் அதற்குக் கல்யாணச் சாப்பாடு. முதுகெலும்பில்லாத பிராணிகளின் பெயர்களை முதுகெலும்பில்லாத இன்னொரு பிராணியே தின்று தீர்த்திருந்தது.

நான் அங்கே ஆய்வக உதவியாளர். படித்தது எஸ்.எஸ்.எல்.சி. ஜாடி துடைப்பது, ஸ்பிரிட் மாற்றுவது, பிராக்டிகல் அன்றைக்கு ஸ்பாட்டர் (மாணவர்கள் பார்த்து அடையாளம் சொல்ல வேண்டிய மாதிரி) அடுக்குவது, இவைதான் வேலை. எந்தத் தட்டில் எது என்று கைக்குத் தெரியும். ஆனால் தண்ணீரைத் துடைக்கிற அவசரத்தில் எல்லா ஜாடியையும் தரையில் இறக்கிக் கலைத்துவிட்டேன். துறைத்தலைவர் மேடம் வந்து பார்த்தார். திட்டவில்லை. அதுவே பயமாக இருந்தது.

"சரி அண்ணாச்சி, அடுக்குறது இனி உங்க பொறுப்பு. பேரு எழுத வேண்டாம். எது எந்தத் தொகுதின்னு மட்டும் பிரிச்சு வைங்க. புத்தகத்தைத் தொடாதீங்க, ஜாடியைப் பாருங்க."

தொகுதி என்றால் உடம்பின் கட்டமைப்பை வைத்துப் பிரிக்கும் பெரிய பிரிவு. மூன்று வாரம் பிடித்தது. தப்பாக வைத்து, திட்டு வாங்கி, மாற்றி வைத்துக் கற்ற வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். கொல்லையில், வயலில், கடற்கரையில் எது கிடைத்தாலும் நீங்களும் இப்படிப் பிரிக்கலாம். கடைசிவரை, அதாவது சிற்றினம்வரை போக இது உதவாது. அதற்கு அந்தந்தப் பிரிவில் ஊறியவர்கள் வேண்டும். ஆனால் எந்த அலமாரி, எந்தத் தட்டு என்பதுவரை தாராளமாகப் போகலாம்.

முதலில் பெயரை மறந்துவிடுங்கள்

நான் செய்த முதல் தப்பு இதுதான். 'அட்டை' என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் ஒரே தட்டில் வைத்தேன். ரத்தம் குடிக்கும் அட்டை, மரவட்டை, கடல் அட்டை. மூன்றும் நீளம், மூன்றும் மெதுவாக நகரும், மூன்றுக்கும் பெயரில் அட்டை. ஆனால் முதலாவது மண்புழுவின் உறவு. இரண்டாவது நண்டுக்கும் கரப்பானுக்கும் உறவு. மூன்றாவது நட்சத்திர மீனுக்குப் பங்காளி. மூன்றும் மூன்று தனித் தொகுதிகள்.

மற்ற பெயர்களும் அப்படித்தான். புழு என்ற சொல்லுக்குள் மண்புழு, நாடாப்புழு, பட்டுப்புழு மூன்றும் அடக்கம். அவையும் மூன்று வெவ்வேறு தொகுதிகள். எட்டுக்கால் பூச்சி பூச்சியில்லை. நட்சத்திர மீன், ஜெல்லிமீன், வெள்ளிமீன் ஒன்றுகூட மீன் இல்லை. பெயர் வைத்தவர்கள் மேல் குறை சொல்லவில்லை. அவர்கள் வலையில் வந்ததை, காலில் கடித்ததைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள். நமக்கு இப்போது வேண்டியது உடம்பின் கட்டமைப்பு.

வேண்டிய சாமான்

பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், நகை பார்ப்பவர்கள் வைத்திருப்பது போல. ஒரு வெள்ளைத் தட்டு. படம் வரையும் மெல்லிய பிரஷ், பிராணியைப் புரட்டுவதற்கு. ஒரு டார்ச். நோட்டு, பென்சில். பேனா வேண்டாம், ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஃபார்மலின் பக்கம் போகவே போகாதீர்கள். என் மூக்கைக் கேட்டால் தெரியும். அதோடு, உயிரோடு பார்ப்பதில் கிடைக்கும் தகவலில் பாதிகூட ஜாடியில் கிடைக்காது. பார்த்துவிட்டு எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். கடற்கரையில் இன்னும் கவனம் வேண்டும். பவளப்பாறையும் கடல் அட்டையும் 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தில் புலிக்குச் சமமான பாதுகாப்பில் உள்ளவை. கையில் எடுத்தால் வழக்கு. கூம்பு வடிவில் அழகாக இருக்கும் நத்தை உயிரோடு கிடந்தால் தொடாதீர்கள். அதன் வாயில் ஈட்டி போல ஒரு நச்சுப் பல் இருக்கிறது. அந்த வகையில் சில, மனிதரையே கொன்றிருக்கின்றன. கம்பளிப்பூச்சி பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

இஞ்சியா, ஆப்பமா, வெற்றிலையா?

முதல் கேள்வி: இதை எப்படி வெட்டினால் இரண்டு சம பாதி வரும்? கத்தி வேண்டாம், மனசுக்குள் வெட்டினால் போதும்.

இஞ்சியை எப்படி வெட்டினாலும் இரண்டு பாதி ஒன்றுபோல் வராது. ஆப்பத்தை நடுவாக எந்தப் பக்கம் மடித்தாலும் சரியாக வரும். வெற்றிலையை நடு நரம்பில் மடித்தால் மட்டும்தான் வரும். மேடம் இதைச் சமச்சீர் என்று சொல்லித்தந்தார். என் மனதில் நின்றது இஞ்சியும் ஆப்பமும் வெற்றிலையும்தான்.

இஞ்சி போல இருந்தால், அநேகமாகக் கடற்பஞ்சு, பாடப்புத்தகத்தில் துளையுடலி. குவளை போல ஒழுங்காக வளரும் பஞ்சும் உண்டு என்பதால் வடிவத்தோடு நிறுத்தாதீர்கள். வாய் தேடுங்கள். இருக்காது. வயிறு, நரம்பு, தசை எதுவும் இருக்காது. உடம்பெங்கும் பொடித் துளைகள், மேலே சில பெரிய துளைகள். பொடித் துளை வழியாகத் தண்ணீர் உள்ளே போய்ப் பெரிய துளை வழியாக வெளியே வரும், அவ்வளவுதான் அதன் பிழைப்பு. 1907-ல் வில்சன் என்ற அமெரிக்கர் உயிருள்ள பஞ்சைத் துணியில் பிழிந்து செல் செல்லாகச் சிதற அடித்தார். சிதறிய செல்கள் தாமாக ஊர்ந்து ஒட்டித் திரும்பவும் பஞ்சாகின. மற்ற எந்த அலமாரியிலும் இப்படி ஓர் ஆளை நான் பார்த்ததில்லை.

ஆப்பம் போல இருந்தால் இரண்டு வழி பிரியும். ஒரே ஒரு வாசல், அதைச் சுற்றிக் கைகள், உடம்பு கொழகொழ என்றால் குழியுடலி. ஜெல்லிமீன் (கடற்கரையில் சொறி என்பார்கள்), கடல் சாமந்தி, பவளம் எல்லாம் இங்கே. தின்பதும் கழிப்பதும் அந்த ஒரு வாசல்தான். தொட்டால் எரிகிறதே, அது அதன் தோலில் உள்ள கொட்டும் செல்கள். இந்தத் தொகுதிக்கு முத்திரை அடையாளம் அதுதான். முருகைக்கல், அதாவது பவளக்கல், கண்ணில் பட்டால் வெறும் கல் என்று தள்ளிவிடாதீர்கள். லென்ஸ் வைத்துப் பாருங்கள்: சின்னச் சின்னக் கிண்ணங்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் நடுவை நோக்கி ஓடும் தடுப்புச் சுவர்கள். எண்ணினால் ஆறின் மடங்கில் வரும். ஒவ்வொரு கிண்ணமும் ஒரு பிராணி உட்கார்ந்திருந்த வீடு.

பார்க்க ஜெல்லிமீன் மாதிரியே இருந்து, கொட்டாமல், உடம்பில் எட்டு வரிசையாக வானவில் மின்னினால் அது சீப்பு ஜெல்லி, தனித் தொகுதி. எங்களிடம் அதற்கு ஜாடி இல்லை. ஸ்பிரிட்டில் போட்டால் கரைந்து கஞ்சியாகிவிடும்.

ஆப்பத்தின் இரண்டாவது வழி: ஐந்து ஐந்தாகப் பிரிந்தால் முட்தோலி. நட்சத்திர மீனுக்கு இதைச் சொல்ல ஆள் வேண்டாம். முள் உதிர்ந்த கடல் முள்ளெலி ஓட்டை வெளிச்சத்தில் பிடித்தால், துளை வரிசை ஐந்து பட்டையாக ஓடுவது தெரியும். கடல் அட்டையில்தான் நான் விழுந்தேன். அதை ரத்த அட்டைக்குப் பக்கத்தில் வைத்திருந்ததைப் பார்த்து மேடம் கேட்டார்: "அட்டைக்கு ரெண்டு முனையிலயும் உறிஞ்சி இருக்குமே, இதுல எங்க அண்ணாச்சி?" இல்லை. ஒரு முனையில் வாயைச் சுற்றிக் கிளைத்த கைகள் மட்டும் இருந்தன. ஜாடியில் ஒன்று ஏற்கெனவே குறுக்கே அறுபட்டிருந்தது. வெள்ளரிக்காய் வில்லை மாதிரி அதைத் திருப்பிப் பார்த்தேன். உள்சுவரில் ஐந்து தசைப் பட்டைகள், சமமான இடைவெளியில். நட்சத்திர மீனை நீட்டிப் படுக்கவைத்தால் கடல் அட்டை. அதைப் பார்த்த அன்று மத்தியானம் எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை, சந்தோஷத்தில்.

உயிருள்ள நட்சத்திர மீன் கிடைத்தால் கடல் தண்ணீர் நிறைந்த தட்டில் கவிழ்த்து வையுங்கள். அடியில் நூற்றுக்கணக்கான குட்டிக் குழாய்க்கால்கள் நீண்டு தேடும். தண்ணீர் அழுத்தத்தால் இயங்கும் இந்தக் கால் முட்தோலிகளைத் தவிர யாருக்கும் கிடையாது. ஐந்து பட்டை தெரியாவிட்டாலும் இது தெரிந்தால் போதும்.

மூன்று புழு, மூன்று அலமாரி

வெற்றிலை வகைக்கு வந்துவிட்டோம். தலை ஒரு பக்கம், வால் ஒரு பக்கம், இடது வலது சமம். உலகில் பெரும்பாலான பிராணிகள் இந்த வகைதான். கால் இல்லாமல், ஓடு இல்லாமல், நீளமாக இருந்தால் இப்படிப் பாருங்கள்.

வளையம் வளையமாக இருக்கிறதா? மண்புழுவை உலர்ந்த செய்தித்தாளில் விட்டுக் காதைப் பக்கத்தில் வையுங்கள். சரசர என்று மிக மெல்லிய சத்தம் கேட்கும். மெழுகு போல வழவழப்பாகத் தெரியும் உடம்பில் எங்கிருந்து சத்தம்? ஒவ்வொரு கண்டத்திலும், அதாவது உடம்பின் ஒவ்வொரு துண்டிலும், பொடி முட்கள் இருக்கின்றன. அவை காகிதத்தைச் சுரண்டுகின்றன. வாலிலிருந்து தலைப்பக்கமாக விரலை மெதுவாக ஓட்டினால் சொரசொரப்பு தெரியும். கேட்டுவிட்டு உடனே ஈர மண்ணில் விடுங்கள். தோலால்தான் மூச்சு விடுகிறது, காய்ந்தால் செத்துப்போகும். இது வளைதசைப்புழுத் தொகுதி. கடலில் உள்ள உறவுகளுக்கு முள் கற்றை கற்றையாகப் பக்கவாட்டில் துருத்தியிருக்கும். ரத்த அட்டைக்கு முள் கிடையாது, பதிலுக்கு இரண்டு உறிஞ்சிகள். அட்டையின் வளையங்களை எண்ணிக் கண்டம் என்று எழுதாதீர்கள். வெளியே தெரியும் வளையங்கள் உள்ளே இருக்கும் கண்டங்களைவிடப் பல மடங்கு அதிகம்.

வளையம் இல்லை, குறுக்கே வெட்டினால் வட்டம், இரண்டு முனையும் கூர். இது உருளைப்புழு. உயிரோடு இருந்தால் லென்ஸ்கூட வேண்டாம், நகர்வே காட்டிக்கொடுக்கும். மண்புழு நீளும், சுருங்கும், ஒரு இடம் தடிக்கும், ஒரு இடம் மெலியும். உருளைப்புழுவால் அது முடியாது. அதன் உடம்பில் நீளவாக்குத் தசை மட்டும்தான், வட்டத் தசை கிடையாது. அதனால் பிரம்பைத் துடிக்கவிட்டது போல வளைந்து வளைந்து அடிக்கும். கொல்லை மண் ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் கரைத்து நுண்ணோக்கியில் வைத்தால் இப்படித் துடிப்பவை நிச்சயம் தெரியும்.

தட்டை என்றால் தட்டைப்புழு. மழைக்காலத்தில் பூந்தொட்டியைத் தூக்கினால் சில சமயம் ஒன்று கிடைக்கும்: நூல் மாதிரி நீண்டு, தலை மட்டும் விசிறி போல விரிந்து, முதுகில் கோடுகளோடு. அட்டை என்று நினைத்துப் பலர் உப்பைக் கொட்டுவார்கள். அது மண்புழுவைப் பிடித்துத் தின்னும் தட்டைப்புழு. வாய் தலையில் இருக்காது, வயிற்றின் நடுவில் இருக்கும். கழிவுக்கும் அதே வாசல். வெட்டிக் கொல்லலாம் என்று நினைத்தால் துண்டு ஒவ்வொன்றும் தனிப் புழுவாகிவிடும்.

நாடாப்புழுவும் இந்தத் தட்டில்தான், ஆனால் அதில் ஓர் ஏமாற்று இருக்கிறது. துண்டு துண்டாகக் கோத்த மாலை போல இருப்பதால் வளைதசை என்று தோன்றும். மண்புழுவின் கண்டங்கள் வழியாக ஒரே குடல் தொடர்ந்து ஓடும். நாடாப்புழுவில் குடலே கிடையாது. ஒவ்வொரு துண்டும் கிட்டத்தட்ட ஒரு முட்டைப் பை.

ஓட்டைப் பார்த்து ஏமாறாதீர்கள்

ஓடு இருந்தால் மெல்லுடலி என்று எழுதும் மாணவர்களை முப்பது வருடம் பார்த்துவிட்டேன். பிராக்டிகலில் மார்க் போகிற இடம் இது.

மெல்லுடலி என்றால் பார்க்க வேண்டியது எலும்போ கண்டமோ இல்லாத மெத்தென்ற உடம்பு, தசையாலான ஒரு பாதம், உடம்பைப் போர்த்திய தோல் போர்வை. அந்தப் போர்வைதான் ஓட்டைச் சுரக்கிறது. சங்குக்கும் நத்தைக்கும் அது ஒற்றை ஓடு, மட்டிக்கும் ஆளிக்கும் முத்துச் சிப்பிக்கும் இரட்டை ஓடு. கிளி வளர்ப்பவர்கள் கூண்டில் மாட்டும் வெள்ளைக் கணவாய் ஓடு, கணவாயின் முதுகுக்குள் இருந்த ஓடுதான். ஊசிக் கணவாயில் அது கண்ணாடி போல மெல்லிய ஒரு தகடாக இளைத்துவிட்டது. மீன் சுத்தம் செய்யும்போது உருவி எறிவோமே, அது. பேய்க் கணவாயில் அதுவும் இல்லை. ஓடே இல்லாத கொல்லை நத்தையும் இந்தத் தட்டில்தான். எங்களிடம் துளை விழுந்த கட்டையில் ஒரு வெள்ளைப் புழு இருந்த ஜாடி உண்டு. புழுத் தட்டில் வைத்தேன். தலையை உற்றுப் பார்த்தால் இரண்டு குட்டி ஓடுகள், அரம் போல. வள்ளத்தையும் தோணியையும் துளைக்கும் கப்பல் புழு. அதுவும் ஒரு சிப்பிதான்.

இப்போது எதிர்ப்பக்கம், அதாவது ஓடு உண்டு, மெல்லுடலி இல்லை. கடலரிப்பைத் தடுக்கப் போட்ட கருங்கல் தூண்டில் வளைவிலும் படகின் அடியிலும் எரிமலை மாதிரிக் குட்டிக் குட்டியாக ஒட்டியிருக்குமே, பார்னக்கிள், காலைக் கிழித்துவிடும். கூவியே என்ற பிரெஞ்சு விலங்கியல் பேரறிஞரே இதை மெல்லுடலி என்றுதான் வைத்திருந்தார். 1830-ல் அயர்லாந்தில் தாம்சன் என்ற ராணுவ மருத்துவர் அதன் குஞ்சுகளைப் பிடித்து வளர்த்துப் பார்த்தார். குஞ்சு அப்படியே இறால் குஞ்சு மாதிரி நீந்தியது. வளர்ந்ததும் தலைகீழாக ஒட்டிக்கொண்டு, சுற்றிச் சுண்ணாம்புச் சுவர் எழுப்பி, கால்களை வெளியே விசிறித் தீனி அள்ளுகிறது. நண்டு இறால் கூட்டம்தான். டார்வின் 1846 முதல் எட்டு வருடம் இதை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். உயிருள்ள ஒன்றைக் கடல் தண்ணீரில் போட்டுக் காத்திருங்கள். மூடி திறந்து இறகு போன்ற கால்கள் வந்து வந்து போகும். மெல்லுடலிக்குக் கணுக்கால் ஏது?

ஆளி ஓட்டின் மேல் வளைந்து வளைந்து ஓடும் வெள்ளைச் சுண்ணாம்புக் குழாய் பெரும்பாலும் வளைதசைப்புழுவின் வீடு. நத்தை ஓட்டுக்குள் இருப்பதெல்லாம் நத்தையும் இல்லை. வாசலில் இரண்டு கொடுக்கு தெரிந்தால் துறவி நண்டு வாடகை இல்லாமல் குடியிருக்கிறது. இன்னொன்று, இரட்டை ஓடு இருந்தாலும் சிப்பி இல்லாத ஒரு கூட்டம் உண்டு, லிங்குலா அதில் ஒன்று. சிப்பியின் ஓடுகள் இடது, வலது. ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம். லிங்குலாவின் ஓடுகள் மேல், கீழ். ஒவ்வொரு ஓடும் தனக்குள்ளேயே வெற்றிலை போல இரண்டாக மடியும். தனித் தொகுதி. ஒரு விஷயம் தெரிந்தால் இரண்டு நொடியில் பிரித்துவிடலாம், தெரியாவிட்டால் ஆயுசுக்கும் தெரியாது.

காலை எண்ணுங்கள், ஆனால் மூட்டைப் பார்த்துவிட்டு

112 ஜாடியில் ஏறக்குறைய பாதி இங்கே வந்து விழுந்தன. உலகக் கணக்கைப் பார்த்தால் அதுகூடக் குறைச்சல். இதுவரை பெயர் வைக்கப்பட்ட விலங்குச் சிற்றினங்களில் ஐந்தில் நான்குக்கு மேல் கணுக்காலிகள்தான். பூச்சிகள் மட்டுமே பத்து லட்சத்தைத் தொட்டுவிட்டன.

அடையாளம் எளிது. வெளியே கெட்டியான சட்டை, மூட்டு வைத்த கால். வளர வேண்டுமானால் சட்டையை உரிக்க வேண்டும். சுவரோரம் கிடக்கும் கரப்பான் கூடு, குளத்து நாணலில் ஒட்டியிருக்கும் தட்டான் கூடு எல்லாம் கழற்றிப்போட்ட சட்டைகள். மூட்டு இருப்பது உறுதியான பிறகு எண்ண ஆரம்பிக்கலாம்.

ஆறு கால், மூன்று பாகம், ஒரு ஜோடி உணர்கொம்பு என்றால் பூச்சி. எட்டுக் கால், உணர்கொம்பு இல்லை என்றால் சிலந்தி, தேள், உண்ணிக் கூட்டம். முதல் மழைக்குச் செம்மண்ணில் சிவப்பு வெல்வெட் பொட்டு மாதிரி ஊரும் பட்டுப்பூச்சியைத் தீப்பெட்டியில் போட்டு வைக்காத பிள்ளை எங்கள் தலைமுறையில் கிடையாது. அதற்கு எட்டுக் கால், உண்ணிக்குச் சொந்தம். இரண்டு ஜோடி உணர்கொம்பு என்றால் நண்டு, இறால். தொட்டிக்கு அடியில் ஈரத்தில் ஓடும் சாம்பல் நிறப் பிராணி, தொட்டால் சில சமயம் குண்டாகச் சுருளும், பதினாலு கால்; அதுவும் நண்டு இறால் கூட்டம்தான், தரையேறிவிட்டது.

பூரானையும் மரவட்டையையும் பிரிக்க மொத்தக் காலை எண்ண வேண்டாம். நடு உடம்பில் ஒரு கண்டத்தை மட்டும் பாருங்கள். ஒரு ஜோடி என்றால் பூரான், இரண்டு ஜோடி என்றால் மரவட்டை. பூரானின் கால் ஜோடிகள் எப்போதும் ஒற்றைப்படையில் வரும். அதனால் சரியாக நூறு கால் உள்ள பூரான் கிடையாது. மரவட்டையில் 2021-ல் ஆஸ்திரேலியாவில் விவரிக்கப்பட்ட ஒன்றுக்கு 1,306 கால்கள்.

குஞ்சுகளிடம்தான் ஜாக்கிரதை. கம்பளிப்பூச்சிக்குப் பதினாறு கால் என்று எண்ணிவிட்டு முழிக்க வேண்டாம். முன்னால் உள்ள மூன்று ஜோடிக்கு மட்டும் மூட்டு உண்டு, பின்னால் இருப்பவை சதை முண்டுகள். ஆகவே அது பூச்சிதான். உண்ணியின் குஞ்சுக்கு ஆறு கால்தான் இருக்கும். சட்டை உரித்த பிறகே எட்டாகும். ஈயின் குஞ்சுக்குக் காலே இல்லை. திண்ணை மணலில் புனல் மாதிரிக் குழி பறித்து எறும்பு பிடிக்கும் குழியானையை வெளியே எடுத்துப் பாருங்கள், தாடையைத் தவிர எதுவும் கண்ணில் படாது. புரட்டினால் ஆறு கால். வளர்ந்தால் தட்டான் மாதிரிச் சிறகோடு பறக்கும்.

எங்கள் அலமாரியில் பழைய லேபிளிலேயே தப்பு இருந்த ஒன்றும் உண்டு. ஒடிசாக் கரையிலிருந்து எப்போதோ வந்த குதிரைலாட நண்டு. பெயரில் நண்டு, அதனால் நண்டுகளோடு இருந்தது. கவிழ்த்துப் பார்த்தேன், உணர்கொம்பே இல்லை. வாய்க்கு முன்னால் குட்டிக் கிடுக்கி ஒரு ஜோடி, சிலந்திக்கு இருப்பது போல. சிலந்தித் தட்டுக்கு மாற்றினேன். மேடம் அன்றைக்குத்தான் முதல் முறையாகச் சிரித்தார்.

தெரியாதவர்களுக்கு ஒரு தட்டு

எங்கும் ஒட்டாத ஏழெட்டு ஜாடி மிஞ்சியது. அவற்றை வலுக்கட்டாயமாக எதிலும் திணிக்காதீர்கள். விலங்குகளில் முப்பதுக்கு மேல் தொகுதிகள் இருக்கின்றன. பள்ளிப் பாடத்தில் வருபவை பெரியவை சில மட்டும். பாசி மாதிரி ஒட்டி வளரும் பிராணிகள், பாசிக்குள் வாழும் நீர்க்கரடி என்ற நுண்பிராணி எல்லாம் தனித் தனித் தொகுதிகள். 'தெரியாது' என்று தனித் தட்டு வைப்பது கௌரவக் குறைச்சல் இல்லை. ஸ்வீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ் 1758-ல் விலங்குகளை ஆறு வகுப்பாகப் பிரித்தபோது முதுகெலும்புள்ளவைக்கு நான்கு கொடுத்தார். மிச்ச உலகத்துக்கே இரண்டு: பூச்சிகள், புழுக்கள். நத்தை, ஜெல்லிமீன், நட்சத்திர மீன் எல்லாம் அவருக்குப் புழு. அந்தக் குப்பைத் தட்டைப் பிரிக்கும் வேலை, அதுவரை செடி கொடி பார்த்துக்கொண்டிருந்த லமார்க் தலையில் 1793-ல் பாரிஸில் விழுந்தது. முதுகெலும்பில்லாதவை என்ற பெயரே அவரிடமிருந்து வந்ததுதான்.

தட்டுகளை அடுக்கும் வரிசையும் மாறிக்கொண்டே இருக்கிறது. மண்புழுவும் பூரானும் கண்டம் கண்டமாக இருப்பதால் பக்கத்துப் பக்கத்தில் வைப்பதுதான் பழைய வழக்கம். 1997-ல் மரபணுவை வைத்துப் பார்த்தபோது கணக்கு வேறாக வந்தது. சட்டை உரிப்பவை எல்லாம் ஒரு குடும்பம்: கணுக்காலி, உருளைப்புழு, நீர்க்கரடி. மண்புழு அந்தப் பக்கம் மெல்லுடலிகளோடு போய்விட்டது. மேடம் ஓய்வு பெறுவதற்கு முன்பு இதற்காக எல்லாத் தட்டையும் இன்னொரு தடவை இறக்கி ஏற்றினோம். இந்த முறை லேபிளோடு.

மிஞ்சிய ஜாடிகளில் ஒன்று தூத்துக்குடியில் படகின் அடியிலிருந்து சுரண்டி எடுத்தது. தோல் பை மாதிரி, இரண்டு துளை. உயிரோடு அமுக்கினால் தண்ணீரைப் பீய்ச்சும். பஞ்சு என்று வைத்திருந்தேன். "அண்ணாச்சி, அது நம்ம ஆளு" என்றார் மேடம். கடல் பீச்சி. குஞ்சாக இருக்கும்போது தலைப்பிரட்டை மாதிரி நீந்தும். வாலில் முதுகுநாண் என்ற நெகிழும் தண்டு ஓடும். ஒட்டி உட்கார்ந்ததும் அதைக் கரைத்துவிடும். முதுகெலும்பு கிடையாது, ஆனாலும் மீனும் தவளையும் நானும் நீங்களும் இருக்கும் முதுகுநாணித் தொகுதிதான். முதுகெலும்பில்லாதவை என்பது ஒரு தொகுதியே இல்லை, அலமாரிக்குப் போட்ட பெயர் என்று அப்போதுதான் புரிந்தது. கடல் அட்டைகூட நத்தையைவிட நமக்குத்தான் நெருக்கம்.

கடைசியாக லேபிள். பேனா மை ஸ்பிரிட்டில் கரையும், பிரிண்டர் மை உரியும். கெட்டித் தாளில் பென்சிலால் எழுதுங்கள்: எங்கே கிடைத்தது, எந்தத் தேதி, எதன் மேல் ஒட்டியிருந்தது, யார் எடுத்தது. தொகுதிப் பெயரைத் தனித் தாளில் எழுதுங்கள். நாளைக்கு அது மாறலாம், இடமும் தேதியும் மாறாது. ஜாடிக்கு வெளியே ஒட்டாதீர்கள். உள்ளேயே போடுங்கள், எழுத்து வெளியே தெரிகிற மாதிரி. ராமபாணம் ஸ்பிரிட்டுக்குள் இறங்கி வராது.